மதினியின் குரல்

யாரைக் குத்தம் சொல்ல, எல்லாம் விதி. ஐந்தே சொல். இதுவரைக்கும் நான்கு தடவை சொல்லிவிட்டேன். நான்கு தடவையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெர்லின் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தாள், பிறகு ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது, "அம்மா, இன்னொரு டேக் போயிருவமா?" நல்ல பிள்ளை. தயாரிப்பாளராக வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நன்றாக இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு வாய் வராது, இன்னொன்று போகலாமா என்றுதான் கேட்பாள். போகலாம். எத்தனை வேண்டுமானாலும் போகலாம். முப்பத்தாறு வருஷமாக இந்த வானொலி நிலையத்தில், இதே அறையில், ஓட்டை ஓட்டையாக இருக்கும் இந்தப் பலகைச் சுவர்களுக்கு நடுவில் நின்றுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். முதலில் காதலி, பிறகு மனைவி, பிறகு அண்ணி, இப்போது பத்து வருஷமாக அம்மா. கல்யாணமே ஆகாதவளுக்கு மைக்குக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள். இன்றைக்கு மகளைப் பறிகொடுத்த அம்மா. மகளும் மகள் விரும்பியவனும் ஆற்றில் விழுந்து செத்துப்போய்ப் பாயில் கிடக்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவர், யாரால தாயி இப்படி ஆச்சு என்று கேட்கிறார். நான் ஒரு மூச்சை இழுத்து, விசும்பலை அடக்கிக்கொண்டு சொல்லவேண்டும். யாரைக் குத்தம் சொல்ல. அதுவரைக்கும் சரியாக வருகிறது. எல்லாம் என்பதும் வந்துவிடுகிறது. அதற்கு அடுத்ததில் மீன்முள் மாதிரி ஏதோ தொண்டையில் குறுக்கே நிற்கிறது. குரல் வராமல் இல்லை, வருகிறது, ஆனால் சாமான்களையெல்லாம் எடுத்துவிட்ட வீட்டில் பேசினால் கேட்குமே, அப்படி வருகிறது. ஏசி குளிர்கிறது. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறேன். "அம்மா, அஞ்சு நிமிஷம் பிரேக் எடுத்துக்குவோம்" என்கிறாள் மெர்லின். சிவப்பு விளக்கு அணைகிறது.

நாடகம் எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் யாரோ. கதை ஒன்றும் புதிது இல்லை. சனிக்கிழமை சாயந்தரம் ஆற்றுத்துறைக்கு வந்துவிடு, எங்கேயாவது போய்விடலாம் என்று பையன் தன் சிநேகிதனிடம் சொல்லி அனுப்புகிறான். சிநேகிதன் வருகிற வழியில் சைக்கிள் டயர் வெடித்துவிடுகிறது. பெண்ணுக்குச் சேதி அரைமணி நேரம் பிந்திக் கிடைக்கிறது, அவள் தலைதெறிக்க ஓடுகிறாள், அதற்குள் அவன் தண்ணீரில். அவளும் பின்னாலேயே. ஒரு டயருக்கு இரண்டு உயிர். விதி வலியது என்று அறிவிப்பாளர் கடைசியில் சொல்லுவார், வீணை இசை வரும், கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஆனால் இரண்டாம் காட்சி என்று ஒன்று இருக்கிறது. கோவில் கொடை விழாவில் அவள் மாமன் மகனோடு சிரித்துப் பேசினாள் என்று அவன் முறைத்துக்கொள்கிறான், அவள் போடா என்று போய்விடுகிறாள், பதினைந்து நாள் பேச்சில்லை. பேச்சிருந்தால் சிநேகிதன் எதற்கு, சைக்கிள் எதற்கு, டயர் எதற்கு. தலைமையாசிரியர் அதை எழுதிவிட்டு மறந்துபோய்விட்டார். இல்லை, எழுதினவர் மறக்கவில்லையோ என்னவோ, கேட்கிறவர்கள் மறந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என் மகளாக நடிக்கிற பெனாசிர் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள். மேலப்பாளையத்துப் பெண், கல்லூரிக் கடைசி வருஷம். "எனக்கு இவங்க ரெண்டு பேர் மேலயும் கோவம்தான் மேடம் வருது" என்கிறாள். "போய் ஒரு வார்த்தை பேசியிருந்தா முடிஞ்சிருக்கும்ல? அவன் இன்னும் அரைமணி நேரம் நின்னிருந்தா என்ன? பெருசா விதி விதிங்கிறாங்க. ரெண்டும் வளரவே இல்ல, அவ்வளவுதான்." பையனாக நடிக்கிற சுடலைமுத்துவுக்கு நாற்பத்தொரு வயது, வங்கியில் வேலை, குரல் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது. அவர் சிரிக்கிறார். "விதி இல்லேன்னா அது டிராஜெடியே இல்லம்மா. வெறும் முட்டாத்தனம் ஆயிரும். முட்டாத்தனத்துக்கு யாரு அழுவா?" பெனாசிர் என்னைப் பார்க்கிறாள், நீங்க சொல்லுங்க மேடம் என்பது மாதிரி. நான் தண்ணீர் குடிக்கிறேன். குடித்துக்கொண்டே இருக்கிறேன். யாரு அழுவா. நான் அழுதேன். முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஒரு தெருவே கூடிநிற்க அழுதேன், எல்லாரும் விதி என்றார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெர்லின் கம்ப்யூட்டரில் எதையோ தட்டுகிறாள், ஸ்பீக்கரில் காலடிச் சத்தம் கேட்கிறது. பெனாசிர் ஆற்றுத்துறைக்கு ஓடுகிற சத்தம். எல்லா நாடகத்துக்கும் இதே காலடிதான், கிழவி ஓடினாலும் குமரி ஓடினாலும் இதே டப டப. தனசிங் இருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பான். இந்த அறையின் அந்த மூலையில்தான் அவன் உட்கார்ந்திருப்பான், நாடகங்களுக்குச் சத்தம் கொடுக்கிறவன். சின்னதாக ஒரு கதவு, தாழ்ப்பாளோடு. ஒரு தகரப் பெட்டி நிறைய மணல், இன்னொன்றில் சரளை. மழைக்கு முறத்தில் அரிசி. தீ எரிகிற சத்தத்துக்கு மிட்டாய்த் தாள். மண்டி போட்டுக் குனிந்து, காதில் ஹெட்போனோடு, யாருமே இல்லாத உலகத்தில் இருப்பவன் மாதிரி வேலை செய்வான். நான் இங்கே நின்று வசனம் பேசுவேன், நான் நடக்கவேண்டிய இடத்தில் அவன் இரண்டு கையிலும் ஒரு ஜோடி லேடீஸ் செருப்பை மாட்டிக்கொண்டு மணலில் நடப்பான். ஒரு நாள் கேட்டேன், "எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்க மாட்டீங்களா?" அவன் ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னான், "நீ வலது காலை லேசா இழுத்து வைப்ப. வாசல்ல வரும்போதே எனக்குக் கேட்டுரும்." அதற்கு முன்னால் என்னிடம் யாரும் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. என்னைப் பெற்றவர்களுக்குக்கூட என் வலது கால் தெரியாது. அந்த வாரம் நாடகம் ஒலிபரப்பானபோது வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வசனத்தை விட்டுவிட்டு நடையை மட்டும் கேட்டேன். நான்தான் நடந்துகொண்டிருந்தேன். அவன் கைகளால். அவன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது மனசுக்குள்ளும் அவர்தான், என்னைவிட மூன்று வயது மூத்தவர், நாசரேத்துக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், எங்கள் வீட்டில் தெரிந்தால் உலை கொதிக்காது. இருபத்தொன்பதில் நின்றுபோனவரை ஐம்பத்தேழு வயதுக்காரி எப்படி அவர் என்பது. ஒவ்வொரு வருஷமும் அவன் எனக்குச் சின்னவனாகிக்கொண்டே போகிறான். இப்போதே மகன் வயது. பேருந்தில் இருபத்தொன்பது வயதுப் பையன்களைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது, இவ்வளவு சின்னப் பிள்ளையிடமா நான் அவ்வளவு ரோஷம் பாராட்டினேன் என்று.

ரோஷத்துக்குக் காரணம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒத்திகையில் நான் அழுகிற காட்சி, அழுகை சரியாக வரவில்லை, எல்லாரும் இருந்தார்கள். தனசிங் மூலையிலிருந்து முறத்தை ஒரு குலுக்குக் குலுக்கி, "இந்த அழுகைக்கு என் அரிசியே தேவலை" என்றான். அறை முழுக்கச் சிரிப்பு. அவ்வளவுதான். அதற்குத்தான் பத்தொன்பது நாள். அவன் வாசலில் நின்றால் நான் பின்வாசல் வழியாகப் போனேன். வசனத்தாளுக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தான், படிக்காமலே அவன் பார்க்கக் கிழித்தேன். அவன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது, நன்றாக இருந்தது. ராத்திரி அழுதுகொண்டே படுப்பேன், விடிந்தால் எப்போது அவன் முகம் வாடும் என்று கிளம்பிப் போவேன். இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு நாள், வந்து கெஞ்சட்டும், எல்லாரும் பார்க்கச் சிரித்தான் அல்லவா, எல்லாரும் பார்க்கக் கெஞ்சட்டும். போர்ட் பிளேரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்கு அவன் முன்னாலேயே எழுதிப் போட்டிருந்தது எனக்குத் தெரியும். கிடைத்தாலும் போகமாட்டேன், உன்னை விட்டுட்டு கடலைத் தாண்டுவேனா என்று சொல்லியிருந்தான். உத்தரவு வந்ததை எனக்குச் சொல்ல வந்த நாளில்தான் நான் சீட்டைக் கிழித்திருக்கிறேன். அதில் அதைத்தான் எழுதியிருந்தானோ என்னவோ. இல்லாமல், சாப்பிட்டியா என்று மட்டும் எழுதியிருந்தானோ. எட்டுத் துண்டாகக் கிழித்தேன், எட்டு என்று இன்னும் நினைவிருக்கிறது, ஒரு எழுத்துகூடக் கண்ணில் படவில்லை.

அந்த நாள் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூன்று மணி. வீட்டுக்குப் பின்னால் துவைகல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் முத்தரசி மதினி வீடு. சொந்தம் ஒன்றும் இல்லை, பக்கத்து வீடு, ஆனால் பிறந்ததிலிருந்து மதினி என்று கூப்பிட்ட மாதிரிதான். அவள் புருஷன் டெலிபோன் ஆபீஸ், தெருவிலேயே அவர்கள் வீட்டில்தான் போன். தெருவுக்கு வருகிற சேதியெல்லாம் மதினி வாய் வழியாகத்தான் வரும். போன் பின்கட்டு ஜன்னல் ஓரத்தில் இருக்கும், மதினி போனில் பேசினால் சென்னையில் இருப்பவருக்கு வயர் இல்லாமலே கேட்கும். "யாரு? ரேடியோ ஸ்டேஷன் தம்பியா? சொல்லுங்க. இன்னைக்கா? மெட்ராஸ் ரயிலு, ஆறேகால். ஜங்ஷனுக்கு வரச் சொல்லணும். அவ வந்தா போகமாட்டேன்னு சொல்லணும். சரி தம்பி, சொல்லிருதேன்." சோப்பு நுரை என் கையில் வெடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டது. ஒரு சொல் விடாமல். கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம், கெஞ்சிவிட்டான். அடுத்த நிமிஷமே, இது என்ன கெஞ்சல், போனில், அதுவும் பக்கத்து வீட்டில் சொல்லி, நான் ஓடிப்போய் பிளாட்பாரத்தில் நிற்கவேண்டுமா, இவனுக்கு வீட்டு வாசல் தெரியாதா. மதினி வந்து சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று துணியை அலசினேன். மதினி வரவில்லை. உள்ளே குழந்தை அழுகிற சத்தம், இரண்டு வயது மாரிச்செல்வி, காலையிலிருந்தே காய்ச்சல். நான்கு மணிக்கு மதினி அலறினாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிள்ளைக்குக் கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது, கண் மேலே போய்விட்டது. யாரோ ஆட்டோ கொண்டுவந்தார்கள். மதினி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பு இல்லாமல் ஏறினாள். என்னைத் தாண்டித்தான் போனாள். என்னைப் பார்த்தாள், ஆனால் நான் அவள் கண்ணில் இல்லை.

அப்புறம் தெரு காலியாகிவிட்டது. எனக்குத் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. இதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன், இந்த இடத்தில்தான் வந்து வந்து நிற்கிறேன். நான்கரை மணிக்குக் குளித்தேன். பச்சைப் புடவை கட்டினேன். பூ வைத்தேன். போகத்தான் போகிறேன் என்று கைகள் நினைத்தன, அம்மா எங்கட்டி கிளம்பிட்ட என்று கேட்டதற்கு கோவிலுக்கு என்றேன். வாசல்வரைக்கும் போனேன். ஜங்ஷனுக்குப் பேருந்தில் இருபத்தைந்து நிமிஷம், ஆற்றுப் பாலத்தில் கூட்டம் என்றால் நாற்பது. ஐந்து மணிக்குக்கூடப் போகலாம். செருப்பை மாட்டினேன், கழற்றினேன். அவன் ரயிலை விட்டுவிட்டு வருவான், ஆறேமுக்கால், ஏழு மணிக்கு இதே வாசலில் பெட்டியோடு வந்து நிற்பான், அப்போது இந்தப் பச்சைப் புடவையில் நிற்பேன், மதினி எனக்குச் சொல்லவே இல்லையே என்பேன். அப்படியே சொல்லிப் பார்த்துக்கொண்டேன், மதினி எனக்குச் சொல்லவே இல்லையே. நன்றாக வந்தது. ஐந்தரை. ஆட்டோவில் இன்னும் போகலாம். ஐந்தே முக்கால். முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பயமாக இருந்தது, ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு பிடிவாதம் குழந்தை மாதிரி காலை உதைத்துக்கொண்டிருந்தது, வரட்டும், அவன் வரட்டும், அவன் முதலில் வரட்டும். ஆறேகால் ஆனது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு ஜங்ஷன் ரயில் சத்தம் கேட்காது. மணியாச்சியில் இறங்கித் திரும்பியிருக்கலாம் அவன். கோவில்பட்டியில் இறங்கியிருக்கலாம். சென்னையில் கப்பல் ஏறாமல் இருந்திருக்கலாம். அவன் பங்குக்கு அவனும் ஒரு கடலைப் பந்தயம் வைத்தான். எனக்கு இருபத்துநான்கு, அவனுக்கு இருபத்தேழு. இரண்டு பேரும் யார் முதலில் கண்ணைச் சிமிட்டுவது என்று விளையாடினோம், இரண்டு பேருமே சிமிட்டவில்லை.

மறுநாள் விடிந்ததும் மதினி வந்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. தலைமுடி அவிழ்ந்து, கண் வீங்கி, வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உலகு, நான் பாவி, அந்தத் தம்பி போன் பண்ணிச்சுட்டி, உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன், இவளுக்கு வலிப்பு வந்ததுல எனக்கு உலகமே மறந்துபோச்சு." சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அப்படித்தான் தெரிந்தது, எல்லாருக்கும் எல்லாமும் ஒரே நிமிஷத்தில் தெரிந்தது. நான் அழுதேன். அழுகை நிஜம். வாயைத் திறந்து, எனக்குத் தெரியும் மதினி, நான்தான் போகவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். சொல்லவில்லை. யாரோ சொன்னார்கள், யார் என்ன செய்ய, விதி. அந்தச் சொல் மெத்தை மாதிரி இருந்தது, அதில் விழுந்தேன், எழுந்திருக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தமானில் மலேரியா மூளைக்கு ஏறித் தனசிங் போய்விட்டான் என்று நாசரேத்திலிருந்து சேதி வந்தது. அவன் ஒரு கடிதம் போடவில்லை, நானும் போடவில்லை, அவன் முதலில் போடட்டும் என்று இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். அன்றைக்கு மதினி மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள், ஒரு உசுரக் கொன்னுட்டேனே என்று. போனை எடுத்துவிடச் சொல்லிவிட்டாள், இன்றுவரைக்கும் கையால் போனைத் தொடமாட்டாள். வருஷத்துக்கு ஒரு நாள் ஊசிக்கோபுரத்து வேதக்கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள், நெற்றியில் திருநீற்றோடு. எனக்குக் கல்யாணம் ஆகாததும் அவள் கணக்கில்தான். ஆனால் அதெல்லாம்கூட இல்லை. மாரிச்செல்வி. எட்டு வயதில் எதையோ உடைத்துவிட்டாள் என்று மதினி அவள் சடையைப் பிடித்து இழுத்து, "அன்னைக்குப் பார்த்துத்தானட்டி உனக்கு இழுக்கணும், குடியக் கெடுத்த சனியன்" என்றாள், நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதில் அந்தப் பிள்ளை ஒரு நாள் என்னிடம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றது. "அத்தே, நான் வேணும்னு செய்யல" என்றது. எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் தலையைத் தடவி, "அதெல்லாம் விதிட்டி, நீ என்ன செய்வ" என்றேன். நன்றாகச் சொன்னேன். அந்த ஒரு தடவைதான் அந்த வசனத்தை ஒரே டேக்கில் சொல்லியிருக்கிறேன். அவள் இப்போது திருப்பூரில் இருக்கிறாள், வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள், அம்மாவும் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் சாப்பிடுவார்கள், மறுநாளே கிளம்பிவிடுவாள்.

சிவப்பு விளக்கு. ஊர்க்காரர் கேட்கிறார், யாரால தாயி இப்படி ஆச்சு. நான் கண்ணை மூடுகிறேன். என் குரல் வராது, எனக்குத் தெரிந்துவிட்டது, என் குரலில் அந்தச் சொல் இனிமேல் நிற்காது. அதனால் வேறு குரலைத் தேடுகிறேன், நடிக்கிறவள் அல்லவா, தேடினால் கிடைக்கும். கிடைத்துவிட்டது. வாசலில் தலைவிரிகோலமாக என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற குரல். தொண்டை அடைத்து, சொல்லின் முதல் எழுத்து மட்டும் உடைந்து, பின்பாதி மூச்சாகப் போகிற குரல். யாரைக் குத்தம் சொல்ல, எல்லாம் விதி. சொல்லிவிட்டேன். பெனாசிர் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். "அம்மா" என்கிறாள் மெர்லின், "கேட்டுப் பாருங்க" என்று ஸ்பீக்கரில் திருப்பிப் போடுகிறாள். நான்கு மூலையிலிருந்தும் முத்தரசி மதினி பேசுகிறாள். யாரைக் குத்தம் சொல்ல. அவ்வளவு பெரிய அறையில், அவ்வளவு துல்லியமாக, அவள் முப்பத்துமூன்று வருஷம் அழுததை நான் ஒரு நொடியில் எடுத்து, துடைத்து, என் பேருக்குப் பயன்படுத்திவிட்டேன். சுடலைமுத்து கைதட்டுகிறார். கையெழுத்துப் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடினேன், எங்கே விட்டேன் என்று தெரியவில்லை, பெனாசிர்தான் எடுத்துக்கொடுத்தாள். "உடம்புக்கு முடியலையா மேடம்?" "இல்லம்மா. நீ சொன்னது சரிதான்." "எது மேடம்?" "வளரலைன்னு சொன்னியே."

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் பன்னிரண்டு மணி வெயில், கம்பி சுட்டது. எத்தனை தடவை இப்படிக் கிளம்பியிருக்கிறேன், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று, அப்பா செத்த வருஷம், மாரி கல்யாணத்துக்கு முந்தின நாள், மதினிக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் குறுக்கே வந்து நிற்கும், நான் அதைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்பி வருவேன். இன்றைக்கும் ஏதாவது வராதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன், அதையும் சொல்லவேண்டும். பேருந்து நிற்காமல் போய்விடக்கூடாதா, மதினி வீட்டில் விருந்தாளி இருக்கக்கூடாதா. ஒன்றும் வரவில்லை. பேருந்து நின்றது. மதினி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் நடு வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வா உலகு. ரெக்கார்டிங் முடிஞ்சுதா? மோர் தரட்டுமா?"

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். முன்கூட்டி யோசித்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. "மதினி, அன்னைக்குத் தனசிங் போன் பண்ணினப்ப நான் துவைகல்லுல நின்னேன். நீங்க பேசினது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சும் நான் போகல."

மதினி கீரையை உருவிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பில் அவ்வளவு களைப்பு. "இன்னைக்கு என்னட்டி உனக்கு? என் மனசு ஆறட்டும்னு சொல்லுத. உன் குணம் எனக்குத் தெரியாதா. வேற யாருன்னா என் முகத்துலயே முழிச்சிருக்க மாட்டா. நீ என்னைய ஒரு நாளு ஒரு சொல்லு சொன்னியா?"

"மதினி, நெசமாத்தான் சொல்லுதேன்."

"சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு."

நம்பவில்லை. எத்தனையோ பொய்யை இந்த வாயால் நம்பும்படி சொல்லியிருக்கிறேன், ஒரு நிஜத்தை நம்பவைக்க முடியவில்லை. நல்லவள் என்கிறாள். இப்படியே எழுந்து போய்விடலாம், சொல்லியாயிற்று, அவள் நம்பாதது என் குற்றமா. கால் எழுந்திருக்கப் பார்த்தது. இதுதான் அது, இதேதான், செருப்பை மாட்டிக் கழற்றிய அதே கால். நான் அவள் கையிலிருந்து கீரைக் கொத்தை வாங்கிக் கீழே வைத்தேன்.

"அந்தப் போன்ல கடைசியில நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்கன்னு யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா? சாப்பிட்டாச்சான்னு கேட்டீங்க. அவங்க இல்லன்னு சொல்லியிருக்கணும். வெறும் வயித்தோட ரயில் ஏறாதீங்க தம்பி, ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுக்கிடுங்கன்னீங்க. அப்புறம்தான் போனை வச்சீங்க."

மதினியின் கை மடியில் அப்படியே நின்றது. ஃபேன் சுற்றுகிற சத்தம். உருவின இலைகள் முறத்தில் லேசாக எழும்பி எழும்பி விழுந்தன. அவள் என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், ஆபரேஷன் ஆன கண் தண்ணீர் கோத்துக்கொண்டு பளபளத்தது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். எழுந்து என்னைப் பிடித்துத் தள்ளியிருக்கலாம், நான் அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் உதடு மட்டும் எதையோ கணக்குப் பார்ப்பது மாதிரி அசைந்தது. பிறகு குரல் வந்தது, நான் காலையில் திருடின குரல் இல்லை அது, எனக்குத் தெரியாத ஒரு குரல்.

"என் பிள்ளைய நான் எப்படியெல்லாம் பேசியிருக்கேன்."

"மதினி."

"சடையப் பிடிச்சு இழுத்திருக்கேன். சோத்துல கைய வச்சிருக்கும்போது எழுந்திருச்சுப் போட்டின்னு சொல்லியிருக்கேன். நீ சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தியா?"

"இருந்தேன்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள், ஒவ்வொரு விரலாக.

"எங்கிட்ட மன்னிப்புக் கேக்காத. எங்கிட்ட வேண்டாம்" என்றாள். "மாரிக்குப் போன் போடு. இப்ப போடு. நான் பக்கத்துல இருக்கேன்."

என் கைப்பையில் போன் அடியில் கிடந்தது. எடுத்தேன். மாரி நம்பரைத் தேடி அழுத்தினேன். அந்தப் பக்கம் மணி அடித்தது. நான்கு தடவை. ஐந்து. எடுக்கமாட்டாள், வேலையில் இருப்பாள், சாயந்தரம் பேசலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது.

"அத்தே?" பின்னால் தையல் மிஷின்கள் இரைந்தன. "என்னத்தே இந்நேரத்துல? அம்மாவுக்கு ஏதும் முடியலையா?"

"அம்மா நல்லா இருக்கா மாரி. பக்கத்துலதான் இருக்கா. கொஞ்சம் சத்தமில்லாத இடத்துக்குப் போறியா? உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

மிஷின் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஒரு கதவு திறந்து மூடியது. வெளியே எங்கேயோ வந்துவிட்டாள், காற்று மோதுவது கேட்டது.

"சொல்லுங்கத்தே."

"உனக்கு அப்ப ரெண்டு வயசு" என்று ஆரம்பித்தேன். "உனக்குக் காய்ச்சல் அடிச்சுது. நீ ஒண்ணுமே செய்யல."